வீட்டு வெப்ப எக்கிக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்டைத் தேர்ந்தெடுத்தல்

தெர்மோஸ்டாட் என்பது ஓர் இடத்தின் வெப்பநிலையை உணர்ந்து, அதைக் குறித்த அளவில் வைத்திருப்பதற்காக ஓர் இயந்திரத்தை இயக்கியும் நிறுத்தியும் வரும் கருவியாகும். தமிழ்ப் பாடநூல்களில் இது வெப்பநிலைக் கட்டுப்படுத்தி எனப்படுகிறது. வெப்ப எக்கி என்பது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோர் இடத்தில் கொண்டுபோய் விடும் இயந்திரம். கடைகளில் ஹீட் பம்ப் என்று கேட்டால் தெரியும். ஏசி, குளிர்பதனப் பெட்டி, குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஆகிய மூன்றும் ஒரே தத்துவத்தில் இயங்கும் வெப்ப எக்கிகளே.

இவற்றுக்கு வாங்கும் தெர்மோஸ்டாட் விலை உயர்ந்ததாகவோ கைப்பேசியில் இயங்குவதாகவோ இருந்தால் போதாது; அது இயக்கப்போகும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாத கருவியால் மின்கட்டணம் ஏறும்; கம்பிரசரும் பழுதாகலாம். தமிழ்நாட்டு வீடுகளிலும், குளிர்நாடுகளில் வாழும் தமிழர் வீடுகளிலும் இத்தேர்வை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்ப எக்கி இயங்கும் விதம்

நீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் செல்லும். பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்ற மோட்டார் தேவைப்படுவதுபோல, குளிர்ந்த இடத்து வெப்பத்தைச் சூடான இடத்துக்குத் தள்ளக் கம்பிரசர் தேவை. குழாய்க்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் ஒரு சுருளில் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்பிரசரால் அமுக்கப்பட்டு மற்றொரு சுருளில் நீர்மமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது.

இதில் மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கடத்த மட்டுமே பயன்படுகிறது. எனவே ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தைக் கடத்த முடிகிறது. தண்ணீர் கொதிக்க வைக்கும் ஹீட்டர் கம்பி ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும்.

நம் ஊர் ஏசி பெரும்பாலும் ஒரே திசையில் வேலை செய்கிறது: அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும். குளிர்நாட்டு வெப்ப எக்கியில் திசைமாற்று வால்வு ஒன்று உண்டு. அது திரும்பினால் குளிர்பதனப் பொருள் எதிர்த்திசையில் ஓடும். வெளிக்காற்றின் வெப்பம் வீட்டுக்குள் வரும். வட இந்தியாவில் விற்கும் ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏசிக்களும் இவ்வகையே.

வரலாறு

வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய ஈருலோகத் தகட்டைக் கொண்டு செய்த கட்டுப்பாட்டுக் கருவிக்கு 1830-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரு யூர் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்ற பெயரும் அவர் வழியே வழக்கத்துக்கு வந்தது. வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் இன்றும் இருப்பது இத்தகைய தகடுதான்.

அறைக்கான மின் தெர்மோஸ்டாட் ஒரு வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். கட்டடப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்குப் போய் அடுப்பின் காற்றுக் கதவைச் சரிசெய்வது வழக்கம். இது பாடத்துக்கு இடையூறாக இருந்தது. அறையின் வெப்பநிலை மாறினால் அடித்தளத்தில் மணி ஒலிக்கும் கருவியை ஜான்சன் உருவாக்கி 1883-இல் காப்புரிமை பெற்றார்.

வெப்ப எக்கியின் தத்துவத்தை 1852-இல் கெல்வின் பிரபு விளக்கினார். அவருடைய பெயரால் அமைந்த வெப்பநிலை அலகைப் பள்ளி மாணவர் அறிவர்.

தெர்மோஸ்டாட்டின் வகைகள்

1. திருகு வகை: பழைய ஜன்னல் ஏசிக்களிலும் பல குளிர்பதனப் பெட்டிகளிலும் உள்ளது. மெல்லிய செம்புக் குழாயின் நுனியில் உள்ள குமிழில் வாயு அடைக்கப்பட்டிருக்கும். வெப்பம் கூடினால் வாயுவின் அழுத்தம் கூடி, மின்தொடர்பை இணைக்கும்; குறைந்தால் துண்டிக்கும்.

2. மின்னணு வகை: இன்றைய ஸ்பிளிட் ஏசியில் உள்ளது. இதற்கெனத் தனிப்பெட்டி கிடையாது. உள் யூனிட்டில் காற்று நுழையும் இடத்தில் சிறு உணரி ஒன்றும், சுருளின் மேல் மற்றொன்றும் இருக்கும். வெப்பம் கூடக்கூட இவற்றின் மின்தடை குறையும். மின்தடையை அளந்து வெப்பநிலையை அறியும் சர்க்யூட் போர்டே தெர்மோஸ்டாட்டாக வேலை செய்கிறது.

3. சுவர் வகை: குழாய்வழிக் காற்று அனுப்பும் பெரிய ஏசிக்களுக்கும், வட அமெரிக்க வீடுகளின் மைய வெப்ப எக்கிகளுக்கும் உரியது. தனியே வாங்கி மாற்றக்கூடியது இதுவே.

4. இணைய வகை: வைஃபையில் இணைந்து, கைப்பேசியால் இயக்கப்படுவது. சில சுவர் வகைகள். சில, ரிமோட்டின் அகச்சிவப்புச் சைகையைத் தாமே அனுப்பும் சிறு கருவிகள்.

தமிழ்நாட்டு வீடுகளில்

வெப்பநிலை அமைப்பும் மின்கட்டணமும்

இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிக்கள் அனைத்தும் 24 டிகிரி செல்சியஸையே இயல்பு அமைப்பாகக் கொண்டு வரவேண்டும் என்று எரிசக்தித் திறன் செயலகம் விதித்தது. பயனர் விரும்பினால் அதை மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜூன் மாதம் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனிவரும் ஏசிக்களின் எல்லையை 20 முதல் 28 டிகிரி வரை என்று வரையறுக்கும் திட்டத்தை அறிவித்தார்.

அமைப்பை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அச்செயலகத்தின் கணக்கு. தமிழ்நாட்டு வீட்டுக்கு இதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஏசியை 20 டிகிரியில் வைத்து உறங்கும் ஒரு வீட்டில் அது ஓர் இரவுக்கு 8 யூனிட் எடுப்பதாகக் கொள்வோம்.

இரண்டு மாதத்தில் ஏசிக்கு: 8 × 60 = 480 யூனிட்
மற்றப் பயன்பாடு: 130 யூனிட்
மொத்தம்: 610 யூனிட்

24 டிகிரிக்கு மாற்றினால் 24 விழுக்காடு, அதாவது சுமார் 115 யூனிட் குறைந்து, மொத்தம் 495 ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது; முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குக் கட்டணம் கூடுவதோடு, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணமும் போய்விடும். எனவே இந்த வீட்டுக்கு மிச்சமாவது 115 யூனிட் மட்டுமன்று. கட்டணப் படியே மாறுகிறது. மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் 25 அல்லது 26 டிகிரியிலும் பெரும்பாலோர்க்கு நல்ல உறக்கம் வரும்.

‘16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும்’ என்பது பரவலான நம்பிக்கை. நிலைவேகக் கம்பிரசர் உள்ள ஏசியில் இது தவறு. 16-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் கம்பிரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 24 என்றால் அங்கே நிற்கும். 16 என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவே வேறுபாடு. இன்வெர்ட்டர் ஏசியில் வேகம் மாறக்கூடும். ஆனால் வெக்கையான அறையில் 24-இல் வைத்தாலும் அது தொடக்கத்தில் உயர்ந்த வேகத்திலேயே ஓடும்.

கடலோர ஊர்களின் தேவை

புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் உள்ள கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில் வெப்பத்தை விடப் புழுக்கமே பெரிய தொல்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. அறை 24 டிகிரியாக இருந்தும் உடல் பிசுபிசுக்கும். உடனே பலர் 20-க்குக் குறைக்கிறார்கள். உண்மையில் அங்கே தேவைப்படுவது கூடுதல் குளிர் அன்று, ஈரம் நீங்குவது.

ஏசியின் சுருள் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றின் ஈரம் அதில் நீராகப் படிந்து குழாய்வழி வெளியேறும். கம்பிரசர் நின்றால் ஈரம் நீங்குவதும் நிற்கும். அப்போது உள்விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். சிறிய அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசியைப் போட்டால், அது சில நிமிடங்களில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கும்.

ஆகவே கடலோர வீட்டுக்கு ஏசி வாங்குவோர் பின்வருவனவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

- குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடக்கூடிய இன்வெர்ட்டர் கம்பிரசர்.
- ஈரம் நீக்கும் ‘டிரை’ முறை. ரிமோட்டில் நீர்த்துளிப் படம் பெரும்பாலும் இதைக் குறிக்கும்.
- கம்பிரசர் நிற்கும்போது உள்விசிறியும் நிற்கும் அல்லது மெதுவாகும் அமைப்பு.
- அறையின் அளவுக்குச் சரியான டன்.

உப்புக் காற்று மற்றொரு தொல்லை. அது சுருளை மட்டுமன்றி, உணரியின் இணைப்பு முனைகளையும் அரிக்கும். அரித்த முனையில் மின்தடை கூடும்; போர்டு அதைத் தாழ்ந்த வெப்பநிலை என்று பிழையாகப் படிக்கும். அறை வெக்கையாக இருக்கும்போதே கம்பிரசர் நின்றால், கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுமுன் உணரியின் முனையைத் துடைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உணரி இருக்கும் இடம்

தெர்மோஸ்டாட் தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தையே அறியும். நாம் இருக்கும் இடத்தின் வெப்பத்தை அன்று. ஸ்பிளிட் ஏசி கூரையை ஒட்டி இருப்பதால், அங்கே காற்று படுக்கை மட்டத்தைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். வெயில் இறங்கும் மாடியறையில் இவ்வேறுபாடு கூடும்; கட்டிலில் இருப்பவர் நடுங்கும்போதும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்காகச் சில நிறுவனங்கள் ரிமோட்டுக்குள்ளேயே உணரி வைக்கின்றன. ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்ற பெயர்களில் அந்தப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை ஏசி எடுத்துக்கொள்ளும். வயதானவர்கள், கைக்குழந்தைகள் உறங்கும் அறைக்கு இது மிகவும் பயனுள்ளது. ஆனால் ரிமோட்டைத் தலையணைக்கு அடியிலோ, வெயில்படும் ஜன்னல் திட்டிலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ வைத்தால் ஏசி ஏமாந்துபோகும். கட்டிலருகே, ஏசியின் நேர்ப்பார்வையில் வைக்க வேண்டும்.

பழுதடைந்ததை மாற்றும்போது

திருகு வகையை மாற்றும்போது ஏசிக்கு ஏசித் தெர்மோஸ்டாட்டையே வாங்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குரியது பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், விலையும் குறையலாம். ஆனால் அது நீர் உறையும் அளவை ஒட்டிய வெப்பநிலைக்காகச் செய்யப்பட்டது. ஏசியில் போட்டால் கம்பிரசர் நிற்கவே நிற்காது; சுருளில் பனி கட்டும். அதன் மின்தொடர்பு ஏசி எடுக்கும் ஆம்பியரைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். செம்புக் குழாயை மடித்து நசுக்கிவிடக் கூடாது.

மின்னணு உணரியில் கவனிக்க வேண்டியது, 25 டிகிரியில் அதன் மின்தடை. 5, 10, 15, 20 கிலோ ஓம் எனப் பல அளவுகள் உள்ளன. 10 கிலோ ஓம் கேட்கும் போர்டில் 5 கிலோ ஓம் உணரியைப் போட்டால், 25 டிகிரி அறையை அது 40 டிகிரிக்கு மேல் என்று எண்ணி நிற்காமல் ஓடும். மாற்றிப் போட்டால், அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது என்று எண்ணிக் கம்பிரசர் தொடங்கவே மறுக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் ஒரு நிமிடத்தில் இதை அளந்துவிடலாம்.

இணையக் கருவிகள்

ரிமோட்டின் சைகையை அனுப்பும் இணையக் கருவி ஏசிக்குத் தீங்கு செய்வதில்லை. ஏசி தன் முறைப்படியே தொடங்கி, தன் முறைப்படியே நிற்கும். மின்சாரத்தையே வெட்டி இணைக்கும் ‘ஸ்மார்ட் பிளக்’ அப்படியன்று. கம்பிரசர் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் தாழ் அழுத்தமும் இருக்கும். அவை சமமாக ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மீண்டும் தொடங்கினால் கம்பிரசர் சுழல முடியாமல் பெருமின்னோட்டம் பாயும். கோடையில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் ஊர்களில் சுருட்கம்பி கருகிப்போகவும் கூடும். எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் மூன்று நிமிடத் தாமதம் உண்டா என்று கேட்பது முதல் கடமை.

குளிர்நாடுகளில் வாழும் தமிழர் வீடுகளில்

ஒரே வெப்ப எக்கி, நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாகப் பொருத்தப்படுகிறது. தெர்மோஸ்டாட்டும் அதற்கேற்ப மாறுகிறது.

நார்வேயில் பல வீடுகளில் இருப்பது நம் ஸ்பிளிட் ஏசியைப் போன்றதே. அங்கே அதன் முதன்மை வேலை சூடாக்குவது. ரிமோட்டும் உள் உணரியுமே போதும். தனியே சுவர் தெர்மோஸ்டாட் வாங்கி, ஓடு–நில் என்று மட்டும் கட்டளையிட்டால், வேகம் மாற்றி ஓடும் இன்வெர்ட்டரின் சிறப்பு வீணாகும்.

கனடா, அமெரிக்காவில் பல வீடுகளில் மைய வெப்ப எக்கி குழாய்வழிக் காற்று அனுப்புகிறது. சுவர் தெர்மோஸ்டாட் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். வாங்குமுன் பழைய கருவியின் மூடியைக் கழற்றி, எந்த எழுத்தில் எந்தக் கம்பி உள்ளது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

- ஆர், சி: மின்சாரம் வரும் கம்பியும் திரும்பும் கம்பியும். சி கம்பி இல்லாத வீட்டில் பல இணையக் கருவிகள் சரியாக இயங்கா.
- ஒய்: கம்பிரசர். ஒய்2 என்று இன்னொன்று இருந்தால் இயந்திரம் இருநிலை வேகம் உடையது. தெர்மோஸ்டாட்டும் இருநிலையை ஏற்பதாக இருக்க வேண்டும்.
- ஜி: உள்விசிறி.
- ஓ அல்லது பி: திசைமாற்று வால்வு. ஓ முறையில் குளிர்விக்கும்போதும், பி முறையில் சூடாக்கும்போதும் வால்வுக்கு மின்சாரம் செல்லும். இதை மாற்றி அமைத்தால் குளிர்காலத்தில் வீடு குளிரும்.
- டபிள்யூ2, ஆக்ஸ் அல்லது ஈ: துணைச் சூடாக்கி. இது பெரும்பாலும் மின்கம்பி ஹீட்டர்.

அடுப்புக்கு மட்டுமான தெர்மோஸ்டாட்டில் ஓ, பி, ஆக்ஸ் முனைகள் இருக்கமாட்டா. மின் ஹீட்டர்களுக்கான 240 வோல்ட் தெர்மோஸ்டாட் வேறு வகை. அதையும் இதையும் மாற்றிப் போடுவது ஆபத்து.

இங்கே மின்கட்டணத்தை விழுங்குவது துணைச் சூடாக்கி. இரவில் அமைப்பை 21-லிருந்து 15-க்கு இறக்கிவிட்டு, காலையில் ஒரேயடியாக ஏற்றினால், வெப்ப எக்கியால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது என்று கருதித் தெர்மோஸ்டாட் துணைச் சூடாக்கியை இயக்கும். இரவெல்லாம் மிச்சப்படுத்தியது ஒரு மணி நேரத்தில் போய்விடும். எனவே இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்காமல் இருப்பதும், வெளி வெப்பநிலை ஓர் அளவுக்குக் கீழே போனாலன்றித் துணைச் சூடாக்கியைத் தொடங்கவிடாத தெர்மோஸ்டாட்டை வாங்குவதும் சிக்கனம். ‘எமர்ஜென்சி ஹீட்’ என்ற பொத்தான், வெப்ப எக்கி பழுதானால் மட்டும் அழுத்துவதற்கானது. குளிர் மிகுந்த நாளில் அழுத்துவதற்கானது அன்று.

பிரிட்டனில் வெப்ப எக்கி பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. எரிவாயு பாய்லரைக் காலையும் மாலையும் சில மணி நேரம் மட்டும் போட்டுப் பழகியவர்கள் இதையும் அப்படியே இயக்கினால் வீடு சூடாகாது, செலவும் கூடும். வெப்ப எக்கி மிதமான சூட்டில் நெடுநேரம் ஓடும்போதே திறமையாக இயங்கும். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘வெதர் காம்பன்சேஷன்’ வசதியுள்ள கட்டுப்பாடு இதற்குச் சிறந்தது. அறைத் தெர்மோஸ்டாட், தேவைக்கு மேல் சூடாகாமல் தடுக்கும் துணையாக மட்டும் இருந்தால் போதும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இயந்திரம் குளிர்விக்க மட்டுமா, சூடாக்கவுமா?
2. கம்பிரசர் நிலைவேகமா, இருநிலையா, இன்வெர்ட்டரா? தெர்மோஸ்டாட் அதை ஏற்குமா?
3. கட்டுப்பாட்டு மின்னழுத்தம் எவ்வளவு? கம்பிகள் எத்தனை?
4. துணைச் சூடாக்கி உண்டா? அதைத் தனியே கட்டுப்படுத்த முடியுமா?
5. கம்பிரசருக்கு மூன்று நிமிடத் தாமதம் உண்டா?
6. உணரி எங்கே இருக்கப்போகிறது? வெயில், சமையலறை வெப்பம், வாசல் காற்று படாத சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே பொருத்துவது பொது விதி.
7. இணையம் நின்றாலும் கையால் இயக்க முடியுமா? எழுத்துகள் வீட்டுப் பெரியவர் கண்ணாடியின்றிப் படிக்கும் அளவில் உள்ளனவா?

முதல் மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் கருவியை வாங்கக் கூடாது. விடைகள் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டிலும் அதோடு வந்த கையேட்டிலும் இருக்கும். கையேட்டை எறிந்துவிடாமல் எடுத்து வைப்பது நல்லது. தமிழ்நாட்டின் ஸ்பிளிட் ஏசி வீடுகளில் பெரும்பாலும் புதிய தெர்மோஸ்டாட்டே தேவைப்படாது. இருக்கும் உணரியைத் தூய்மையாக வைத்து, ரிமோட்டின் வசதிகளை அறிந்து, 24-க்குக் கீழே இறக்காமல் இருந்தாலே போதுமானது.